பத்தாயிரம் அடிக்குக் கீழே: விமானி அறைப் பேச்சின் வரலாறு

பயணிகள் விமானம் மேலெழும்போதும் தரையை நோக்கி இறங்கும்போதும் விமானி அறையில் இருப்பவர்கள் வேலைக்குப் புறம்பான எதையும் பேசுவதில்லை. வீட்டுக் கதை, சம்பளம், அரசியல், முதல்நாள் கிரிக்கெட் எல்லாம் அந்த நேரத்துக்குத் தள்ளிவைக்கப்படும். கைத்தொலைபேசி அணைக்கப்பட்டிருக்கும். பயணிகள் பகுதியில் இருக்கும் பணியாளர்களும் அவசரம் இருந்தாலொழிய உள்ளே அழைப்பதில்லை. இந்த ஒழுங்குக்குப் பெரும்பாலான விமான நிறுவனங்கள் வைத்திருக்கும் எல்லை 10,000 அடி. அதற்கு மேலே சமமட்டத்தில் பறக்கும் நேரத்தில் இயல்பான பேச்சுக்குத் தடையில்லை. அந்த உயரத்துக்குக் கீழே வந்துவிட்டால் அளவுமானிகளும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் ஓடுபாதையும் மட்டுமே பேச்சுக்குரியவை.

இலங்கையின் வரைபடத்தில் இந்த எல்லையை வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். நாட்டின் மிக உயர்ந்த சிகரமான பீதுருதாலகாலை 8,281 அடி. ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கும் புசல்லாவை, அதற்கு மேலுள்ள ரம்பொடைக் கணவாய், நுவரெலியா, ஹட்டன், மஸ்கெலியா என மலையகம் முழுவதும் பத்தாயிரம் அடிக்குக் கீழே அடங்கிவிடுகிறது. கிழக்கிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வரும் விமானம் மேற்குக் கரையை அடையுமுன் இந்த மலைகளைத் தாண்டியாக வேண்டும். விமானி அறையில் பேச்சு அடங்க வேண்டிய உயரமும் மலைகள் தொடங்கும் உயரமும் இங்கே அருகருகே இருக்கின்றன. இந்த ஒழுங்கு எழுத்தில் வருவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே மலையகம் ஒரு பெரும் விமான விபத்தைக் கண்டுவிட்டது.

தொடக்க காலத்து விமானங்களில் பேச்சைக் கட்டுப்படுத்த எவரும் விதி எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை. 1935 நவம்பரில் சென்னை விமானக் கழகத்தின் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ இரத்மலானையில் முதன்முதலாக இறக்கிய சிறு விமானத்தில் இயந்திர இரைச்சலே மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். 1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோன் நிறுவனத்தின் 'சீதாதேவி' என்ற டகோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தன் முதல் சேவையைத் தொடங்கியது. அந்தக் காலத்து டகோட்டாக்களில் விமானிகளோடு வானொலி அலுவலர் ஒருவரும் பறப்பது வழக்கம். தரையோடு நடந்த தொடர்பின் பெரும்பகுதி மோர்ஸ் குறியீட்டில் அவர் கைவழியே போய்வந்தது.

அறைக்குள் நிலவிய ஒழுங்கு கப்பலிலிருந்து வந்தது. 1930களில் பான் அமெரிக்கன் நிறுவனம் தன் கடல் விமானங்களுக்குக் கடற்படைச் சாயலில் சீருடையை அமைத்தது. உலகெங்கும் விமானிகளின் கையிலும் தோளிலும் உள்ள பட்டைகள் அந்த வழிவந்தவை. உடையோடு கப்பல் தலைவனின் அதிகாரமும் வந்து சேர்ந்தது. கப்டன் பேசினால் மற்றவர்கள் கேட்பார்கள். அவர் செய்வதைத் துணை விமானி கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு. பணியிடப் பண்பு என்று அப்போது எண்ணப்பட்டது இந்தப் படிநிலை மரியாதைதான். பிற்காலத்தில் இதுவே பல உயிர்களைக் குடித்தது.

வீட்டோடு பேசும் வசதி, கைத்தொலைபேசி வருமுன் பறந்த விமானிகளுக்கு அறவே இல்லை என்று சொல்ல முடியாது. நெடுந்தூரப் பறப்புகளில் சிற்றலை வானொலி வழியே சுவீடனின் ஸ்டொக்ஹோம் வானொலி, சுவிற்சர்லாந்தின் பேர்ன் வானொலி போன்ற நிலையங்களை அழைத்து, அங்கிருந்து தரைத் தொலைபேசிக்கு இணைப்புக் கேட்கலாம். நிறுவனத்தின் அலுவலகத்தோடும் மருத்துவரோடும் பேசுவதற்காக ஏற்பட்ட வசதி அது. விமானிகள் சிலர் மனைவி மக்களோடு பேசவும் பயன்படுத்தினார்கள். சிற்றலை திறந்த அலை என்பதால், அதே அலைவரிசையில் இருந்த எவரும் அந்தக் குடும்பப் பேச்சைக் கேட்கக்கூடியதாக இருந்தது. பின்னாளில் கடல்மேல் பறக்கும் விமானங்கள் தமக்குள் செய்தி பரிமாற 123.45 மெகாஹேர்ட்ஸ் என்ற அலைவரிசையைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஒதுக்கியது. முன்னால் கொந்தளிப்பு இருக்கிறது, இந்த உயரத்தில் காற்று கடுமை என்று பின்னால் வருபவருக்குச் சொல்வதே அதன் நோக்கம். பரந்த கடலுக்கு மேல் நள்ளிரவில் அங்கே வேறு பேச்சும் நடப்பது விமானிகள் எல்லோரும் அறிந்த விடயம். விமானம் சமமட்டத்தில் பறக்கும் நேரங்களில் நடப்பதால் அதை எவரும் பெரிதாகக் கண்டித்ததில்லை.

விமானிகள் தமக்குள் என்ன பேசுகிறார்கள் என்பது நெடுங்காலம் வெளியே எவருக்கும் தெரியாது. விபத்தில் விமானி இறந்தால் பேச்சும் அவரோடு போய்விடும். இதை மாற்றியவர் மெல்போர்னில் வானூர்தி ஆய்வுகூடத்தில் பணியாற்றிய அவுஸ்திரேலிய விஞ்ஞானி டேவிட் வொரன். 1934இல் விமான விபத்தொன்றில் தந்தையை இழந்தவர் அவர். 1950களில் கொமெட் ஜெட் விமானங்கள் காரணம் தெரியாமல் விழுந்தபோது அந்த விசாரணையில் பங்குகொண்ட வொரன், விமானி அறைப் பேச்சைப் பதிவுசெய்யும் கருவி இருந்தால் காரணம் தெரியுமே என்று எண்ணினார். 1957இல் உருக்குக் கம்பியில் நான்கு மணி நேரப் பேச்சைப் பதியும் மாதிரியைச் செய்து முடித்தார். சொந்த நாட்டில் அதிகாரிகள் அக்கறை காட்டவில்லை. விமானிகளின் சங்கமோ தங்களை ஒட்டுக்கேட்கும் கருவி என்று எதிர்த்தது. 1960இல் குவீன்ஸ்லாந்தின் மக்காய் அருகே பயணிகள் விமானம் கடலில் விழுந்து 29 பேர் இறந்த பின்னரே நிலை மாறியது. பேச்சுப் பதிவுக் கருவியைக் கட்டாயமாக்கிய முதல் நாடு அவுஸ்திரேலியாதான். அமெரிக்கா 1960களின் நடுவில் அதே வழிக்கு வந்தது. கறுப்புப் பெட்டி என்று மக்கள் அழைக்கும் இந்தக் கருவி இல்லாவிட்டால், விமானி அறைப் பேச்சுக்கு வரலாறு என்று ஒன்றை எழுதவே முடியாது.

அந்தப் பதிவுகள் வெளிப்படுத்திய உண்மை கசப்பானது. 1974 செப்டெம்பர் 11 காலை, அமெரிக்காவின் சார்லட் நகரில் மூடுபனிக்கிடையே இறங்கவந்த ஈஸ்டர்ன் எயார்லைன்ஸ் விமானம் 212 ஓடுபாதைக்கு முன்னாலேயே தரையில் மோதியது. இருந்த 82 பேரில் 72 பேர் இறந்தார்கள். விமானத்தில் பழுது ஒன்றும் இல்லை. பதிவைக் கேட்ட விசாரணையாளர்களுக்குக் கேட்டது அரசியல் பேச்சும் பழைய கார்களைப் பற்றிய பேச்சும். 1,000 அடியில் தரை நெருங்குகிறது என்ற எச்சரிக்கை ஒலித்தும் இருவரும் பொருட்படுத்தவில்லை. சொல்ல வேண்டிய உயர அளவுகளைச் சொல்லவுமில்லை. இருவரும் தொழில் தெரிந்தவர்கள். பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே வேலை செய்வது எந்தத் தொழிலிலும் மனித இயல்பு. கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதியின் வளைவுகளில் பஸ் சாரதியோடு கதை கொடுக்கக் கூடாது என்பதைப் பயணிகள் அறிவார்கள். விமானத்தில் அதே எச்சரிக்கையை விமானிகள் ஒருவருக்கொருவர் கடைப்பிடிக்க வேண்டியிருந்தது. அது அப்போது எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று வொஷிங்டனுக்கு அருகே டி.டபிள்யூ.ஏ. விமானம் 514 மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். இறங்க அனுமதி என்ற ஒரே வாக்கியத்தைக் கட்டுப்பாட்டாளர் ஒரு விதமாகவும் விமானிகள் வேறு விதமாகவும் விளங்கிக்கொண்டதே அங்கு நடந்த கோளாறு. சில வாரங்களுக்கு முன்னர் வேறொரு நிறுவனத்தின் விமானிகளும் அதே இடத்தில் அதே தவறைச் செய்து மயிரிழையில் தப்பியிருந்தார்கள். அந்தச் செய்தி மற்றவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. விமானிகள் தங்கள் தவறுகளை அஞ்சாமல் அறிவிக்க நாசா நடத்தும் அமைப்பு 1976இல் தொடங்கியதற்கு இந்த விபத்து ஒரு காரணம்.

மூன்று நாட்களுக்குப் பிறகு, டிசம்பர் 4 இரவு, முறை மலையகத்துக்கு வந்தது. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு ஜெத்தா நோக்கிப் புறப்பட்ட மார்டின் எயார் நிறுவனத்தின் டி.சி.-8 விமானம், இடையில் எரிபொருள் நிரப்பக் கட்டுநாயக்கவில் இறங்கவிருந்தது. 182 யாத்திரிகர்கள், 9 பணியாளர்கள். முதலில் 5,000 அடிக்கும் பிறகு 2,000 அடிக்கும் இறங்கலாம் என்று கொழும்பு அனுமதி கொடுத்தது. ஓடுபாதை தெரிந்ததும் அறிவிக்கச் சொன்னது. விமானம் விமானநிலையத்தை நெருங்கிவிட்டதாக விமானிகள் நம்பினார்கள். உண்மையில் அது இன்னும் ஏறத்தாழ 40 கடல்மைல் கிழக்கே, மலைகளுக்கு மேல் இருந்தது. இரவு பத்து மணியளவில் நோர்ட்டன் பிரிட்ஜ் அருகே தெபர்ட்டன் தோட்டத்துக்கு மேலுள்ள ஏழு கன்னியர் மலைத்தொடரில், 4,355 அடி உயரத்தில் மோதியது. ஒருவரும் தப்பவில்லை. இலங்கை மண்ணில் நடந்த விமான விபத்துகளில் இதுவே பேரழிவானது.

டொப்ளர் கருவியும் வானிலை ராடாரும் காட்டியதை நம்பி இருக்குமிடத்தைத் தவறாகக் கணித்ததே காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. வீண்பேச்சு இந்த விபத்துக்குக் காரணமென எவரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது இறந்தவர்களுக்கு இழைக்கும் அநீதி. ஆயினும் இறங்கும் நிமிடங்களில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு கனமானது என்பதை அது காட்டுகிறது. எத்தனை மைல் தூரத்தில் இருக்கிறோம், எந்த அடையாளத்தை வைத்து அதைச் சொல்கிறோம் என்ற கேள்வி கோபுரத்திலிருந்தோ விமானி அறைக்குள்ளிருந்தோ ஒருமுறை அழுத்தமாக எழுந்திருந்தால் மலை தெரிந்திருக்கலாம். மழையிலும் பனியிலும் அந்தச் சரிவில் முதலில் ஏறியவர்கள் தோட்டத்து மக்களும் அயல் கிராமத்தவரும். நோர்ட்டன் பிரிட்ஜில் யாத்திரிகர்களுக்கு நினைவுச்சின்னம் உண்டு.

ஈஸ்டர்ன் விபத்தும் அதையொத்த பிறவும் தந்த அழுத்தத்தில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1981இல் விதியை எழுதியது. தரையில் ஓடும்போதும், ஏறும்போதும், இறங்கும்போதும், சமமட்டப் பறப்பு நீங்கலாக 10,000 அடிக்குக் கீழே எந்தக் கட்டத்திலும் விமானத்தைப் பாதுகாப்பாக இயக்குவதற்குத் தேவையில்லாத எந்தச் செயலும் பேச்சும் கூடாது. உணவு உண்பது, அவசியமற்ற உரையாடல், வேலைக்குத் தொடர்பில்லாத வாசிப்பு எல்லாம் அதில் அடங்கும். நிறுவனமும் விமானியிடம் அந்த நேரத்தில் வேறு வேலை கேட்கக் கூடாது. தொடர்விமானம் பற்றிய விசாரிப்பும் பயணிகளுக்குக் காட்சிகளைச் சுட்டிக்காட்டும் அறிவிப்பும் கூட விலக்கப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியம் இதே ஒழுங்கைத் தன் சட்டத்தில் 2015இல்தான் வெளிப்படையாகச் சேர்த்தது என்றாலும் அங்குள்ள நிறுவனங்கள் அதற்கு வெகுமுன்பே இதைத் தங்கள் கையேடுகளில் எழுதிவிட்டன.

அமைதி மட்டும் போதாது என்பதையும் அதே ஆண்டுகள் கற்பித்தன. 1977 மார்ச் 27 அன்று கனேரித் தீவுகளின் தெனெரீபில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். மேலெழ ஓடத் தொடங்கிய கே.எல்.எம். விமானத்தில் பொறியாளர், எதிரே மற்ற விமானம் இன்னும் விலகவில்லையா என்று கேட்டார். கப்டன் உறுதியாக மறுத்தார். பொறியாளர் மேலே வற்புறுத்தவில்லை. கப்பலிலிருந்து வந்த அந்தப் பழைய மரியாதை அங்கே வாயை அடைத்தது.

அடுத்த ஆண்டு கட்டுநாயக்கவிலும் இதன் சாயல் தெரிந்தது. 1978 நவம்பர் 15 இரவு, ஹஜ் முடித்து ஊர் திரும்பும் இந்தோனேசிய யாத்திரிகர்களோடு ஜெத்தாவிலிருந்து வந்த ஐஸ்லாந்து நிறுவனத்தின் டி.சி.-8, ஓடுபாதைக்குச் சற்று முன்னால் தென்னந்தோட்டத்தில் விழுந்தது. 262 பேரில் 183 பேர் இறந்தார்கள். உயரத்தையும் இறங்கும் வேகத்தையும் சரிபார்க்கக் கையில் இருந்த கருவிகளை விமானிகள் பயன்படுத்தவில்லை, துணை விமானி உரக்கச் சொல்ல வேண்டிய கட்டாய அறிவிப்புகள் சொல்லப்படவில்லை என்று இலங்கை விசாரணை கூறியது. விமானநிலையத்தின் வழிகாட்டுக் கருவிகளிலும் கட்டுப்பாட்டிலும் குறை இருந்ததாக ஐஸ்லாந்துத் தரப்பு வாதிட்டது. நான்கு ஆண்டு இடைவெளியில் இரண்டு ஹஜ் விமானங்கள், இரண்டும் இரவில், இரண்டும் கட்டுநாயக்கவை நோக்கி இறங்குகையில். இலங்கையின் விமான வரலாற்றை எழுதுகிறவர்கள் இதற்கு இன்னும் அதிக இடம் கொடுக்க வேண்டும்.

1979இல் நாசா கூட்டிய பயிலரங்கிலிருந்து விமானிக் குழுவின் கூட்டுப் பொறுப்பைக் கற்பிக்கும் பயிற்சி பிறந்தது. 1981இல் யுனைட்டட் நிறுவனம் அதைத் தன் விமானிகளுக்கு முறையாகத் தொடங்கியது. துணை விமானி கேள்வி கேட்பது அவரது கடமை என்று அந்தப் பயிற்சி சொன்னது. மரியாதையின் பொருள் தலைகீழானது. கப்டனின் தவறைக் கண்டும் பேசாதிருப்பவர் இனிப் பண்பற்றவர். ஆனால் பழக்கம் பயிற்சியைவிட வலியது. 2010 மே 22 அன்று மங்களூரில் டுபாயிலிருந்து வந்த எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தபோது, துணை விமானி மீண்டும் மேலெழச் சொல்லி மூன்று முறை எச்சரித்திருந்தது பதிவில் கேட்டது. பறப்பின் பெரும்பகுதியில் உறங்கி எழுந்திருந்த கப்டன் அதை ஏற்கவில்லை. துணை விமானியும் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்கவில்லை.

கைத்தொலைபேசி வந்தபோது விமானத் துறை அதை முதலில் வானொலிக் குறுக்கீடாகவே பார்த்தது. பறக்கும் விமானத்தில் கைத்தொலைபேசியை அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 1991இல் தடைசெய்தது தரையிலுள்ள வலையமைப்பைக் காக்கவே. விமானியின் கவனத்தைப் பற்றிய கவலை பிறகே வந்தது, அதுவும் இரண்டு ஆண்டுகளுக்குள் அடுத்தடுத்து நடந்த மூன்று நிகழ்வுகளால்.

2009 பெப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் எயார் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். இறங்கும் நேரத்திலும் இருவரும் தங்கள் தொழில் அனுபவம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். விமானம் புறப்படக் காத்திருந்தபோது துணை விமானி குறுஞ்செய்தி அனுப்பியிருந்ததும் விசாரணையில் தெரிந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 21 அன்று நோர்த்வெஸ்ட் விமானம் 188 மினியாபொலிஸ் விமானநிலையத்தைத் தாண்டி 150 மைல் பறந்துபோனது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தரையிலிருந்து எவர் அழைத்தும் பதில் இல்லை. தங்கள் மடிக்கணினிகளில் புதிய பணி அட்டவணை முறையை ஆராய்ந்துகொண்டிருந்ததாக விமானிகள் கூறினார்கள். எப்போது இறங்குவோம் என்று பணிப்பெண் கேட்ட பிறகே அவர்கள் திடுக்கிட்டு விழித்தார்கள். எவருக்கும் காயமில்லை, இருவரின் அனுமதிப்பத்திரமும் பறிபோனது.

மூன்றாவது சிங்கப்பூரில். 2010 மே 27 அன்று டார்வினிலிருந்து வந்த ஜெட்ஸ்டார் விமானம் இறங்கிக்கொண்டிருந்தபோது, அணைக்க மறந்திருந்த கப்டனின் கைத்தொலைபேசியில் குறுஞ்செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தன. அவர் அதை அணைக்க முயன்றார். துணை விமானி அழைத்ததற்குப் பதில் வரவில்லை. சில்லுகளை இறக்க இருவரும் மறந்தார்கள். எச்சரிக்கை ஒலித்து, 500 அடிக்குக் கீழே வந்த பின்னரே விமானம் மீண்டும் மேலெழுந்தது. கப்டன் யாரோடும் பேசவில்லை என்பதுதான் இதில் நின்று கவனிக்க வேண்டியது. தொலைபேசி ஒலித்ததும், அதை அணைக்க வேண்டுமென்ற எண்ணமும், அந்தச் சில விநாடிகளுமே இறங்கும் ஒழுங்கின் ஒரு படியை நழுவவிடப் போதுமாக இருந்தன.

அமெரிக்கக் காங்கிரஸ் 2012இல் சட்டமியற்றியது. 2014இல் விதி நடைமுறைக்கு வந்தது. பணியிருக்கையில் இருக்கும் விமானி கைத்தொலைபேசி, மடிக்கணினி எதையும் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்தக் கூடாது. 1981 விதியைப் போல் 10,000 அடி என்ற எல்லை இதற்கில்லை. பறப்பு முழுவதற்கும் பொருந்தும். இதே காலத்தில்தான் கைக்கணினி விமானி அறைக்குள் உத்தியோகபூர்வமாக நுழைந்தது. வரைபடங்களும் கையேடுகளும் நிறைந்த கனத்த தோல் பைகளின் இடத்தை அது பிடித்தது. ஒரே திரையில் ஓடுபாதை வரைபடமும் வரலாம், வீட்டிலிருந்து செய்தியும் வரலாம் என்ற நிலையில் விதி பார்ப்பது கருவியை அல்ல, அதை எதற்காகத் தொடுகிறார்கள் என்பதை.

இலங்கையில் 2002ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையும், 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டமும் சர்வதேச ஒழுங்குகளை நிறுவனங்கள் மீது கட்டாயமாக்குகின்றன. இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விமானி அறையின் மற்றப் பண்புகளிலும் கடுமை காட்டிவருகிறது. 2023 பெப்ரவரியில் டுபாய்–டெல்லிப் பறப்பொன்றில் விமானி தம் நண்பர் ஒருவரை விமானி அறைக்குள் அனுமதித்ததற்காக எயார் இந்தியாவுக்கு 30 இலட்சம் ரூபாய் தண்டமும் விமானிக்கு மூன்று மாதத் தடையும் விதிக்கப்பட்டன.

இந்த வரலாற்றில் மிகவும் மனத்தை வருத்துவது 2020 மே 22 அன்று கராச்சியில் நடந்தது. நோன்புப் பெருநாளுக்கு ஊர் திரும்பியவர்களோடு லாகூரிலிருந்து வந்த பாகிஸ்தான் விமானம் 8303, சில்லுகள் இறங்காத நிலையில் ஓடுபாதையில் உரசி, மீண்டும் மேலெழுந்து, இயந்திரங்கள் செயலிழந்து குடியிருப்புப் பகுதியில் விழுந்தது. விமானத்தில் இருந்த 99 பேரில் இருவரே தப்பினார்கள். அன்றைய விமானப் போக்குவரத்து அமைச்சர் நாடாளுமன்றத்தில் கூறியபடி, விமானிகள் இறங்கும் வேளை முழுவதும் கொரோனாவைப் பற்றியும் அதனால் பாதிக்கப்பட்ட தங்கள் குடும்பங்களைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். உலகம் முழுதும் அந்த மாதத்தில் வேறு பேச்சு இல்லை. குடும்பத்தை நினைத்துக் கலங்கியவர்களை வீண்பேச்சுக்காரர் என்று ஒதுக்க முடியாது. இந்த ஒழுங்கு விமானியிடம் கேட்பதும் சாதாரணமானதல்ல: மனத்தில் மிகவும் கனமாக இருப்பதை, கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குச் சொல்லாமல் வைத்திருக்க வேண்டும்.

அதனால் சொந்த அழைப்புகளுக்குரிய இடம் விமானி அறைக்கு வெளியே வகுக்கப்பட்டிருக்கிறது. பறப்புக்கு முன் வானிலையும் எரிபொருளும் பார்க்கும் அறையை விட்டு எழுவதற்குள் வீட்டு அழைப்பை முடித்துவிடுவதும், இறங்கி இயந்திரத்தை நிறுத்திச் சரிபார்ப்புப் பட்டியலை வாசித்து முடித்த பின்னரே தொலைபேசியை இயக்குவதும் நல்ல விமானிகளின் வழக்கம். மனம் சரியில்லாதவர் பறக்காமல் விலகிக்கொள்ளலாம்; அதைக் கேட்பது பலவீனம் அல்ல என்பதை இன்றைய பயிற்சிகள் வலியுறுத்துகின்றன. மூத்த விமானி கதையைத் தொடர்ந்தால் 'பத்தாயிரம்' என்ற உயர அறிவிப்பே இளையவருக்குப் போதுமான துணை: அதைச் சொன்னபின் பேச்சு நிற்க வேண்டும் என்பது இருவருக்கும் பொதுவான உடன்பாடு.

பதிவுக் கருவியைப் பற்றிய பழைய பிணக்கு இன்னும் தீரவில்லை. முதற்காலக் கருவிகள் கடைசி 30 நிமிடத்தை மட்டும் வைத்திருந்தன. மினியாபொலிஸைத் தாண்டிப்போன விமானத்தில் இருந்ததும் அத்தகையதே என்பதால், அந்த நீண்ட மௌன நேரத்தில் என்ன நடந்தது என்பதற்கு விமானிகளின் வாக்குமூலம் தவிர வேறு சான்று இல்லை. பிறகு இரண்டு மணி நேரம் வழக்கமானது. ஐரோப்பாவில் 2021 முதல் உற்பத்தியாகும் பெரிய விமானங்களுக்கு 25 மணி நேரம் கட்டாயம், 2024இல் அமெரிக்காவும் அதே அளவைச் சட்டமாக்கியது. நாள் முழுதும் பேசுவதெல்லாம் பதிவாகும் என்ற கவலையை விமானிச் சங்கங்கள் வொரனின் காலத்தைப் போலவே இன்றும் எழுப்புகின்றன. அதற்குப் பாதுகாப்பாகச் சர்வதேச உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு, இந்தப் பதிவுகள் விபத்து விசாரணைக்கு அப்பால் வெளியாவதைக் கட்டுப்படுத்துகிறது. விபத்தை விளக்கத் தேவையான பகுதி மட்டுமே அறிக்கையில் சேர்க்கப்பட வேண்டும். வீட்டைப் பற்றிப் பேசியவை அதற்குத் தொடர்பில்லையெனில் வெளியே வரக்கூடாது.